சட்டத்தின் இரண்டாம் பகுதி

கைரேகைச் சட்டம் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வரும். 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ள மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பதிவேட்டில் பெயர், இரவில் காவல் நிலையத்தில் ஆஜர், வெளியூர் போக அனுமதிச் சீட்டு என்று அந்தச் சட்டம் குடும்பங்களின் அன்றாடத்தை எப்படி நெரித்தது என்பதை மதுரைப் பக்கத்தில் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அதே சட்டத்துக்கு இன்னொரு பாதி இருந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மூல வடிவம் 1871 அக்டோபரில் இயற்றப்பட்டது. முதலில் அது வடஇந்தியாவுக்கான சட்டம். சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்குப் பிறகுதான். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பகுதி சில குழுக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. இரண்டாம் பகுதி 'யூனக்' என்று அது குறிப்பிட்டவர்களைப் பற்றியது. ஆண்மையற்றவர் என்று தாமே ஒப்புக்கொள்கிற, அல்லது மருத்துவப் பரிசோதனையில் அப்படித் தெரியவருகிற ஆண்கள் என்று அந்தச் சொல்லுக்குச் சட்டம் விளக்கம் தந்தது. நடைமுறையில் அது குறிவைத்தது ஹிஜ்ராக்களை. பெண்ணுடை உடுத்தி, குருவின் கீழ் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து, பிறப்பும் திருமணமும் நடக்கும் வீடுகளில் ஆடிப்பாடி வாழ்த்துச் சொல்லி, அதற்குக் கிடைக்கும் காணிக்கையில் பிழைத்தவர்கள் அவர்கள்.

அரசியல் பகைமை என்றவுடன் மேடைப் பேச்சும் கலவரமும்தான் நமக்குத் தோன்றும். இந்தச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பகைமை காலையில் எந்தத் துணியை உடுத்துவது என்பதில் தொடங்குகிறது; தெருவுக்கும் தொழிலுக்கும் போகிறது; வீட்டுக்குள் நுழைகிறது; கடைசியில் இறந்தவரின் பாத்திரம் பண்டம் யாருக்கு என்பது வரை வந்து நிற்கிறது. உடை, நடமாட்டம், பிழைப்பு, பிள்ளை, சொத்து: பெண்களை அடக்க நினைத்தவர்கள் எப்போதும் கைவைத்த இடங்களும் இவைதான். அதனால்தான் இந்த வரலாறு பெண்ணிய வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் ஒன்றல்ல.

சந்தேகம் போதும்

பதிவேட்டில் பெயர் ஏற நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. சிறுவர்களைக் கடத்துவதாகவோ விதையடிப்பதாகவோ, இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின்கீழ் வரும் குற்றத்தைச் செய்வதாகவோ 'நியாயமான சந்தேகம்' இருந்தால் போதும். சந்தேகப்படுகிறவர் அதிகாரி. அது நியாயமானதா என்று முடிவு செய்கிறவரும் அதிகாரி. பெயரும் முகவரியும் ஒரு பதிவேட்டில். சொத்து விவரம் இன்னொன்றில்.

இந்தச் சந்தேகம் எப்படி ஊறியது என்பதற்கு ஒரு கொலை வழக்கைச் சொல்வார்கள். 1852இல் மைன்புரி மாவட்டத்தில் பூரா என்ற ஹிஜ்ரா கொல்லப்பட்டார். கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் அவரோடு வாழ்ந்த ஆண். உறவை முறித்துக்கொண்டு போன துணையை ஆண் கொல்வது நமக்குத் தெரியாத கதையல்ல. ஆனால் அந்த வழக்கிலிருந்து பிரிட்டிஷ் நீதிபதிகள் எடுத்துக்கொண்டது, ஹிஜ்ராக்கள் என்ற கூட்டமே ஒழுக்கத்துக்கு ஆபத்து என்ற பாடத்தை. கொலையுண்டவரின் இனமே குற்றவாளி இனமாக மாறிப்போனது. அடுத்த பத்தாண்டில் வடமேற்கு மாகாண அதிகாரிகள் அவர்களை ஒடுக்க வழி தேடினார்கள். 1871 சட்டம் அந்த வழி. இந்த மக்கள் மெல்ல அற்றுப்போக வேண்டும் என்பதே அந்த நிர்வாகத்தின் நோக்கமாக இருந்தது என்பதை, ஆவணங்களை வைத்து 2019இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் ஜெசிகா ஹிஞ்சி விரிவாகக் காட்டுகிறார்.

இதே காலத்தில் இன்னொரு பதிவேடும் இருந்தது. 1868இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்கிறவர்கள் என்று கருதப்பட்ட பெண்களைப் பதிந்து, கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு நோய் வராமல் இருக்கப் பெண்ணின் உடலைச் சோதித்தார்கள். சிப்பாயின் உடலை அந்தச் சட்டம் தொடவில்லை. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் அங்கிருந்த இதே வகைச் சட்டங்களை எதிர்த்துப் போராடினார்கள். இந்தியச் சட்டம் 1888இல் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு சட்டங்கள். இரண்டிலும் பதிவேடு, இரண்டிலும் மருத்துவர், இரண்டிலும் சந்தேகமே சாட்சி. நாம் ஒன்றைப் பெண்கள் வரலாறு என்றும் மற்றதை வேறு யாரோ சிலரின் வரலாறு என்றும் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

உடையும் தெருவும் பிழைப்பும்

பதிவேட்டில் பெயர் ஏறிய ஒருவர் பெண்ணைப்போல் உடுத்தியோ நகை பூண்டோ தெருவில் வந்தால், பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். தெருவிலிருந்து பார்க்கும்படி வேறோர் இடத்தில் நின்றாலும் கைதுதான். பொது இடத்தில் ஆடினாலும் இசைத்தாலும் குற்றம்; கூலிக்காக ஒரு வீட்டுக்குள் ஆடினாலும் குற்றம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவை ஓர் ஆளின் ஒரு நாளாக்கிப் பாருங்கள். துணி துவைத்துக் கொல்லையில் உலர்த்த வேண்டும். தெருவிலிருந்து கண்ணில் பட்டால் அது 'பார்க்கும்படி நின்றது' ஆகிவிடலாம். சந்தைக்குப் போக வேண்டும்; வளையலைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். பக்கத்துத் தெருவில் பிள்ளை பிறந்திருக்கிறது; வாழ்த்தப் போனால் காணிக்கை கிடைக்கும், சிறையும் கிடைக்கும். போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. போலீசார் பெண்ணுடைகளைக் களைந்ததும் கூந்தலை வெட்டியதும் ஆவணங்களில் இருக்கிறது. 1870களில் காசிப்பூர் மாவட்டத்து ஹிஜ்ராக்கள் பட்டினி கிடக்கிறோம் என்று முறையிட்டார்கள். சட்டத்தில் பட்டினி என்ற சொல் இல்லை. ஆடக் கூடாது என்ற சொல் இருக்கிறது. அதன் விளைவு பட்டினி.

அவர்களுக்கு வேறு பிழைப்பு இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். பிரிட்டிஷாருக்கு முன் மேற்கிந்தியாவின் மராத்திய அரசுகள் ஹிஜ்ராக்களுக்கு வரியில்லா நிலங்களையும், ஊரில் காணிக்கை பெறும் பாத்தியதையையும் கொடுத்திருந்தன. பரம்பரையாக வந்த அந்த உரிமைகளை 19ஆம் நூற்றாண்டில் பம்பாய் மாகாண நிர்வாகம் அங்கீகரிக்க மறுத்தது. நிலம் கிடையாது, காணிக்கைக்கு உரிமை கிடையாது, ஆட்டம் கூடாது. பிழைப்பதற்கான கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, 'இவர்கள் ஏன் ஒழுங்காக உழைத்துப் பிழைப்பதில்லை' என்ற கேள்வியை எழுப்பியது அரசு. இந்தக் கேள்வி இன்றும் பேருந்து நிலையங்களில் கேட்கிறது.

அந்த வீட்டுப் பெண்கள்

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மொராதாபாத் பகுதியைச் சேர்ந்த கைராத்தி என்பவர் போலீஸ் கண்காணிப்பில் இருந்தவர். ஒரு குடும்பத்துப் பெண்கள் நடுவில், பெண்ணுடையில், பாடிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். அரசு மருத்துவர் அவர் உடலைச் சோதித்தார். அந்தச் சோதனையை வைத்து 377ஆம் பிரிவின்கீழ் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனை விதித்தது. எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு குற்றம் நடந்தது என்ற விவரம் எதுவும் இல்லாததால் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் போலீசாரின் முயற்சியை நீதிபதி குறை சொல்லவில்லை. அதன் நோக்கத்தைப் பாராட்டவே செய்தார்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த வழக்கை 377ஆம் பிரிவின் வரலாற்றில் ஒரு தொடக்கப் புள்ளியாகப் படிப்பார்கள். நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த வீட்டுப் பெண்களை. கைராத்தி அவர்களுக்கு ஆபத்தாகத் தோன்றியிருந்தால் நடுவில் உட்காரவைத்துப் பாட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். 'குடும்பப் பெண்களைக் காக்கிறோம், பிள்ளைகளைக் காக்கிறோம்' என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட சட்டங்கள் வந்தன. காக்கப்பட வேண்டியவர்களாகச் சொல்லப்பட்ட பெண்களோ, விரட்டப்பட வேண்டியவராகச் சொல்லப்பட்டவரோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நம் பெயரைச் சொல்லி இன்னொருவரைத் தண்டிக்க யாராவது கிளம்பும்போது, அவர்கள் நம்மைக் கேட்டார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தையும் இப்படியே பார்க்கலாம். பதிவான ஒருவரின் வீட்டில் 16 வயதுக்கு உட்பட்ட சிறுவன் இருந்தால் அதற்கும் 2 ஆண்டு வரை சிறை; சிறுவனை அங்கிருந்து அப்புறப்படுத்தலாம். ஹிஜ்ராக்களோடு வாழ்ந்த சிறுவர்களை அதிகாரிகள் தேடிக் கணக்கெடுத்தபோது, விதையடிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள் என்று ஹிஞ்சி எழுதுகிறார். கடத்தல் என்ற பயம் பெரியது. அதற்கான ஆதாரம் சிறியது. இடையில் உடைந்தது வீடு.

யாருக்கு விட்டுச் செல்வது

சட்டத்தின் 29ஆம் பிரிவு குறுகலானது. அதைப் படிக்கும்போதுதான் பகைமையின் முழு நீளம் தெரியும். பதிவேட்டில் உள்ளவர் ஒரு சிறாருக்குக் காப்பாளராக இருக்க முடியாது. எதையும் தானமாகக் கொடுக்க முடியாது. உயில் எழுத முடியாது. மகனைத் தத்தெடுக்க முடியாது.

ஹிஜ்ரா வீடு என்பது இரத்தத்தால் ஆனதல்ல. குரு, அவருடைய சேலாக்கள், குருவின் குருவான நானி என்று கட்டப்பட்ட உறவு. நம் திருநங்கைகளிடம் அது அம்மா, மகள் என்று வழங்குகிறது. வயதானவருக்குக் கஞ்சி காய்ச்சுவதும், இறந்தால் அடக்கம் செய்வதும் அந்த மகள்தான். குருவின் வீடும் நகையும் சேலாக்களுக்கு வருவது வழக்கம். 29ஆம் பிரிவு அந்த நூலை அறுத்தது. உயிரோடு இருக்கும்போது தெருவுக்கு வராதே என்றது முன் பிரிவு. இறந்த பிறகு உனக்கென்று யாரும் இல்லை என்றது இது. விதவைக்குச் சொத்தில் பங்கு உண்டா, மகள் வாரிசா என்று நூறாண்டு வாதாடிய பெண்களுக்கு, வாரிசுரிமையை மறுப்பதென்றால் ஒருவரை உறவே இல்லாதவராக்குவது என்பது விளங்கும்.

இவ்வளவுக்கும் அந்த மக்கள் அற்றுப்போகவில்லை. பதிவிலிருந்து தப்ப இடம் பெயர்ந்தார்கள். சொத்தைக் காட்டாமல் மறைத்தார்கள். மனுப் போட்டார்கள். ஆடினார்கள், பாடினார்கள், சேலாக்களை ஏற்றுக்கொண்டார்கள். 1911இல் புதிய குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபோது இரண்டாம் பகுதி கைவிடப்பட்டது.

ஒரு சட்டத்தின் ஆயுள்

கைவிடப்பட்ட சட்டம் உடனே செத்துவிடுவதில்லை. ஐதராபாத் நிஜாம் அரசு 1919இல், பசலி ஆண்டு 1329இல், ஏறக்குறைய அதே வாசகங்களோடு தனியாக ஒரு சட்டம் போட்டது. அதே பதிவேடு, பெண்ணுடையில் தெருவில் வந்தால் அதே கைது, 16 வயதுச் சிறுவனைப் பற்றிய அதே தடை. நிஜாம் போனார், ஆந்திரப் பிரதேசம் வந்தது, தெலங்கானா பிரிந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. திருநர் செயல்பாட்டாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் அது அரசமைப்புக்கு எதிரானது என்று சொல்லி நீக்கியது. கர்நாடகத்தில் இதன் சாயல் இன்னும் புதியது: அந்த மாநிலக் காவல் சட்டத்தில் 2011இல்தான் 36ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மறுபடியும் ஒரு பதிவேட்டுக்கு வழி செய்தார்கள். வழக்குக்குப் பிறகு 2016இல் அதிலிருந்த 'யூனக்' என்ற சொல்லை நீக்கி, 'நபர்கள்' என்று திருத்தினார்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை. வேறு சட்டங்கள் போதுமானதாக இருந்தன. 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருந்தது. பாலியல் தொழில் தொடர்பான மத்தியச் சட்டம் முதலில் 'பெண்கள், சிறுமியர்' என்றே பேசியது. 1986இல் அது 'நபர்கள்' என்று மாறியபோது திருநங்கைகளும் அதன் வலைக்குள் வந்தார்கள். உரிமை கேட்டபோது பெண் அல்ல என்று ஒதுக்கியவர்கள், தண்டிக்கும் சட்டத்தில் மட்டும் இடம் கொடுத்தார்கள். 377ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6 வரை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டம் மாறினாலும் சந்தேகத்தின் பழக்கம் மாறுவதில்லை. 2006இல் சென்னையில் திருட்டு வழக்கு விசாரணை என்று ஒரு திருநங்கையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நடந்த பாலியல் வதை தாங்காமல் அவர் தீக்குளித்தார், இறந்தார். அவருடைய சகோதரி வழக்குத் தொடுத்தார். 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 1871இன் 'நியாயமான சந்தேகம்' அந்தக் காவல் நிலையத்துக்கு எந்தச் சட்டப் புத்தகத்தின் வழியாகவும் வரவில்லை, பார்வையாகவே வந்திருந்தது. வழக்கு நடத்தியது ஒரு பெண் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் காகிதம், யார் கேட்டது

இப்போது வேறு காகிதங்களின் காலம். 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்தது. அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் கேட்டு வாங்கினார்கள். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில், ஒருவரின் பாலினத்தை அவரே அறிவித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1871 சட்டத்தின் கொடுமையையும் அந்தத் தீர்ப்பு நினைவுகூர்ந்தது. பிரித்திகா யாஷினியின் காவல் உதவி ஆய்வாளர் விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது அவர் நீதிமன்றம் போனார். 2017இல் பணியில் சேர்ந்தார். 2019இல் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், இம்மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று புதிய விதி சேர்ந்தது.

இவையும் பதிவுதானே என்று மாணவிகள் கேட்பதுண்டு. பதிவு ஒன்றுபோலத் தெரிந்தாலும், அதைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். இந்தக் காகிதத்தைக் கேட்டது யார்? இது எந்தக் கதவைத் திறக்கிறது: ரேஷன் கடையின் கதவையா, லாக்கப் கதவையா?

2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை இந்தக் கேள்விகளோடு படிக்க வேண்டும். முதல் வரைவுகளில் மருத்துவர் உட்பட்ட தேர்வுக் குழு இருந்தது. பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவு இருந்தது. நாடு முழுவதும் திருநர் போராடியதால் இரண்டும் போயின. ஆனால் மாவட்ட ஆட்சியரின் சான்றிதழ் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் அல்லது பெண் என்று மாற்ற மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும் என்றும் வந்தது. 1868இலும் 1871இலும் வாசலில் நின்ற மருத்துவர் இன்னும் போகவில்லை. பெற்றோரோ உடனடிக் குடும்பமோ பராமரிக்க இயலாவிட்டால் மறுவாழ்வு மையத்தில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. குடும்பம் என்றால் இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து மட்டுமே. விரட்டப்பட்ட பிள்ளைக்குச் சோறு போட்ட அம்மா அதில் இல்லை.

18ஆம் பிரிவையும் பாருங்கள். திருநர் ஒருவர் மீது பாலியல் வன்முறை செய்தவருக்கு இந்தச் சட்டம் வைத்த தண்டனை 6 மாதத்திலிருந்து 2 ஆண்டு வரை. 2018 திருத்தத்துக்குப் பிறகு ஒரு பெண்ணை வல்லுறவு செய்தவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. 1871இல் சேலை கட்டி வெளியே வந்ததற்கு அதிகபட்சம் 2 ஆண்டு. 2019இல் சேலை கட்டியவரின் உடலைச் சிதைத்தவனுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. யாருடைய உடலுக்கு என்ன விலை என்பதைச் சட்டம் எண்ணிலேயே சொல்லிவிடுகிறது.

பெருங்காமநல்லூரில் இறந்தவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. சட்டத்தின் இரண்டாம் பகுதியில் பதியப்பட்டவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்களில் பலரின் பெயர் போலீஸ் காகிதத்தில் மட்டும் நிற்கிறது. ஆனால் நம் மொழியில் இன்னொரு பதிவு தொடங்கிவிட்டது. ஆ. ரேவதி தன் சமூகத்தவரின் வாழ்க்கைகளைக் கேட்டுத் தொகுத்தார். லிவிங் ஸ்மைல் வித்யா தன் கதையைத் தானே எழுதினார். அவர்களுக்குப் பின் இன்னும் பலர் எழுதுகிறார்கள். யாரும் சந்தேகப்பட்டு எழுதிய பெயர்கள் அல்ல அவை. நாம் செய்ய வேண்டியது அவற்றைப் படிப்பது. அடுத்த முறை 'பெண்களின் பாதுகாப்புக்காக' என்று தொடங்கும் ஒரு சட்ட வரைவு வந்தால், கைராத்தி பாடிய வீட்டின் பெண்களை நினைத்துக்கொண்டு, அதன் இரண்டாம் பகுதியில் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பது.